ப்ரொடக்டிவ் வரிசையில் ஒரு சீட்டுக்கட்டு

இருநூற்றுப் பதினான்கு. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மேலாளர் அந்தச் செயலிப் பட்டியலை அவள் மேஜைமேல் வைத்தார். அந்த ஆபீஸில் யார் எதை எத்தனை நிமிடம் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று வேவு பார்க்கிற மென்பொருளை வாங்கி ரெண்டு வாரம் ஆகியிருந்தது. ரெண்டு வாரமும் அது யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து, ஆபீஸில் ஓடுகிற ஒவ்வொரு செயலியின் பெயரையும் எழுதி வைத்திருந்தது. இனி ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை குத்த வேண்டும். ப்ரொடக்டிவ், அன்ப்ரொடக்டிவ், நியூட்ரல். மூன்றே மூன்று பெட்டி. மனுஷன் ஒரு நாளில் செய்கிற சகலமும் அதில் அடங்கிவிட வேண்டுமாம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடும்மா. நூறு சதவீதம் முடிஞ்சிருக்கணும்" என்றார்.

மேலாளருக்குச் சதவீதம் என்று பெயர் வந்தது இப்படித்தான். மழை வருமா என்று கேட்டால்கூட எண்பது சதவீதம் என்பார். அவளுக்கு அந்த ஆபீஸில் ஒயர் என்று பெயர். கம்ப்யூட்டர், நெட்வொர்க், பிரிண்டர், எது படுத்தாலும் ஒயரைத்தான் கூப்பிடுவார்கள். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவளுக்குப் பிடித்துப் போனதால் கேலி செத்துவிட்டது.

அது லிஃப்ட் பராமரிப்பு கம்பெனி. ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மணி இங்கேதான் அடிக்கும். அந்த மணியை எடுக்கிற நாற்காலியில் ஒயரின் அக்கா வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அத்தான்.

அத்தான் பத்தொன்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் வேலை செய்யும்போது இரும்புத் தண்டவாளம் சரிந்து முழங்காலில் விழுந்தது. எட்டு மாசம் வீட்டில். அந்த எட்டு மாசத்தை நினைத்தால் அக்காவுக்கு இப்போதும் கண் கலங்கும். வீட்டில் இருந்த கடிகாரம், மிக்ஸி, மின்விசிறி ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார். கழற்ற எதுவும் மிச்சமில்லாமல் போனதும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டார். அப்புறம்தான் இந்த ஃபோன் நாற்காலி கிடைத்தது. முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, ரெண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். அக்கா அதை அவளிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறாள்.

நாற்காலியில் அவர் செய்கிற வேலை இதுதான். மணி அடிக்கும். எடுப்பார். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவன் போய்ச் சேரும்வரை, மாட்டிக்கொண்டவரோடு பேசிக்கொண்டிருப்பார். பத்து நிமிடமும் ஆகும், ஐம்பது நிமிடமும் ஆகும். ஒருநாளும் 'பயப்படாதீங்க' என்று சொன்னதில்லை. "அதைச் சொன்னாத்தான் குட்டி, பயப்படணும் போலிருக்குன்னு அவங்களுக்கே தோணும்" என்று ஒயரிடம் சொல்வார். நிற்கிறபோது என்ன சத்தம் கேட்டது என்று விசாரித்து, எந்த மாடியில் எந்தக் கதவுப் பூட்டு மக்கர் பண்ணுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பார். பேசும்போது கை சும்மா இருந்தால் குரலில் பதற்றம் வந்துவிடும் என்று கம்ப்யூட்டரில் சீட்டாட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக நகர்த்துவார். ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. கைக்கு ஒரு வேலை, அவ்வளவுதான்.

இந்த மனுஷனைத்தான் மென்பொருள், தானே போட்டுக்கொண்ட தற்காலிக முத்திரைகளை வைத்து, பதினொரு சதவீதம் என்று எழுதியிருந்தது. மேஜை ஃபோன் அதன் கண்ணுக்குத் தெரியாது. நோட்டுப் புத்தகம் தெரியாது. அத்தான் கீபோர்டைத் தொடாமல் ஒரு பெரியவரோடு நாற்பது நிமிடம் பேசியதைச் 'செயலற்ற நேரம்' என்று சாம்பல் நிறத்தில் போட்டிருந்தது. சீட்டு நகர்த்தினால் சிவப்பு. அடுத்த நாற்காலியில் இருக்கிற அட்டவணைக்கோ தொண்ணூற்றேழு. அட்டவணை என்பது ஒரு ஆள்தான். காலையில் எக்ஸெல்லைத் திறந்தால் சாயங்காலம்வரை கட்டங்களுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருப்பான். வருஷம் முழுக்க அடித்த வண்ணத்துக்கு ஒரு வீட்டுக்கே பெயின்ட் அடித்திருக்கலாம்.

சதவீதம் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு சொன்னார். "நாற்பதுக்குக் கீழ இருந்தா ஒரு மாசம் டைம். அப்புறம் போய்ட்டு வாங்கன்னு சொல்லிட வேண்டியதுதான். உங்க மாமாவோ யாரோ இருக்காரே, அவர் கொஞ்சம் கவனமா இருக்கணும்."

"அக்கா வீட்டுக்காரர் சார்."

"யாரா இருந்தாலும் பதினொண்ணு பதினொண்ணுதானேம்மா."

பத்தொன்பது வருஷத்தில் அவர் எத்தனை பேரைக் குழியிலிருந்து தூக்கியிருக்கிறார் தெரியுமாய்யா உனக்கு என்று தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். இந்த ஆளிடம் பேசுவதா? ஆபீஸில் தீப்பிடித்தால் எத்தனை சதவீதம் எரிந்தது என்று கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற ஜென்மம். யாருடைய திரையையும் எட்டிப் பார்க்க மாட்டார். எல்லாருடைய திரையையும் பற்றிச் சொல்லுகிற தன் திரையை மட்டும்தான் பார்ப்பார். அவருக்கு எதையாவது புரிய வைக்க வேண்டுமென்றால் முதலில் படம் வரைய வேண்டும், அப்புறம் படத்தில் எது மேல்பக்கம் என்று சொல்ல வேண்டும். ஒயருக்கு நினைத்தாலே குமட்டியது.

மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தாள். எக்ஸெல், ப்ரொடக்டிவ். மெயில், ப்ரொடக்டிவ். வரைபடம், நியூட்ரல். மெக்கானிக்குகள் உடைந்த பாகத்தைப் படமெடுத்து அனுப்புகிற வாட்ஸ்அப்பை அன்ப்ரொடக்டிவில் போடச் சொல்லிச் சதவீதத்தின் உத்தரவு இருந்தது, போட்டாள். கால்குலேட்டரைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்கள் போலிருக்கிறது, பக்கத்தில் கேள்விக்குறி இருந்தது. அட, கால்குலேட்டருக்கே சந்தேகமா! இவர்கள் கையில்தான் அறுபது பேர் பிழைப்பு இருக்கிறது.

பக்கத்தின் கடைசியில் இன்னொரு இடமும் இருந்தது. கம்ப்யூட்டருக்கு வெளியே செய்கிற வேலையைச் சேர்க்கிற இடம். ஃபோன் பேசுகிற நேரத்தை அதில் போட்டால் வேலையாகக் கணக்காகும். ஆனால் மேலாளரின் ஒப்புதல் வேண்டும். அதாவது சதவீதத்தின் அறைக்குப் போய், அவர் எதிரே உட்கார்ந்து, ஃபோனில் பேசுவதும் வேலைதான் என்று விளக்க வேண்டும். அதற்கு அந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டே எத்தனை சதவீதம் வேலை என்று கேட்பார். அடப் போய்யா என்று அந்தப் பக்கத்தை மூடினாள்.

பிறகு செய்ததை நினைத்து அவளுக்கு அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக முத்திரை குத்தலாம். அத்தானின் குழுவைத் திறந்தாள். சீட்டாட்டத்தை எடுத்து ப்ரொடக்டிவ் வரிசையில் வைத்தாள். அறிக்கையில் என்ன பெயர் வர வேண்டும் என்று ஒரு கட்டம் கேட்டது. 'அவசர அழைப்பு உதவிக் கருவி' என்று எழுதினாள். எழுதிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சதவீதத்துக்கு இதைவிட நன்றாகக் காதில் பூச்சுற்ற முடியாது.

வீட்டுக்குப் போய் அக்காவிடம், "அத்தான் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கிட்டேன்" என்றாள்.

"மேலாளர்கிட்ட பேசினியா?"

"அந்த ஆள்கிட்ட யாருக்கா பேசுவா? தண்ணி காட்டிட்டேன்."

அக்காவுக்கு விவரம் புரியவில்லை. தங்கச்சி கெட்டிக்காரி என்பது மட்டும் தெரியும். ஆனதும் அப்படியே ஆனது. அத்தான் எப்போதும்போல ஃபோனில் பேசினார், எப்போதும்போலச் சீட்டை நகர்த்தினார். முதல் வாரம் அறுபத்திரண்டு. மாசக் கடைசியில் எண்பத்தெட்டு.

அங்கேதான் வந்தது வினை. சதவீதம் அந்த எண்பத்தெட்டைப் பார்த்துக் குளிர்ந்துபோனார். பதினொன்றிலிருந்து எண்பத்தெட்டு! எதனால் என்று அறிக்கையைப் பார்த்தார். அவசர அழைப்பு உதவிக் கருவி. அது என்ன, எப்படி இருக்கும், யார் வாங்கினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மேலிடத்துக்கு மெயில் போட்டார். 'என் முயற்சியில் புகுத்தப்பட்ட உதவிக் கருவியால்' என்று ஆரம்பித்து ரெண்டு பக்கம். மேலிடத்தில் இருந்தவர்களும் இதே மண்ணில் விளைந்தவர்கள்தானே, பாராட்டி எழுதிவிட்டார்கள். மறுநாள் சதவீதம் ஒயரைக் கூப்பிட்டார்.

"அந்தக் கருவியை ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டுடும்மா. உங்க அத்தானே பயிற்சி கொடுக்கட்டும். இனிமே அவர் ட்ரெய்னர். ஃபோனை அட்டவணை பாத்துப்பான், தொண்ணூத்தேழு எடுக்கிற பையன்."

ஒயர் அவசரமாகக் குறுக்கிட்டாள். "சார், அது அவங்க டீமுக்கு மட்டும்தான்..."

"நல்லது எல்லாருக்கும் போகணும்மா" என்றார். முகத்தில் என்ன பெருமிதம்! அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எவ்வளவு தூரம்தான் போகிறது பார்ப்போம் என்று அவளுக்குள் ஒரு கொழுப்பு. சரி சார் என்றுவிட்டு வந்துவிட்டாள்.

அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன கருவி குட்டி? நான் நோட்டுலதானே எழுதறேன்?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். ஆபீஸில் குட்டி என்று கூப்பிடாதீங்க என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. வாய் வராது அவருக்கு. அவள் ஏழாவது படிக்கும்போது அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தவர், அன்றிலிருந்து குட்டிதான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பயிற்சி. கண்ணாடித் தடுப்புப் போட்ட அறை. எட்டுப் பேர், எட்டுக் கம்ப்யூட்டர். ஒயர் நின்றுகொண்டு எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்தாள். அத்தான் காலை நீட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் பாவம். எட்டுப் பேரும் கருவியைத் திறந்தார்கள். எட்டுத் திரையிலும் பச்சைத் துணிமேல் சீட்டு விரிந்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டார்கள். மாசம் முழுக்கச் சீட்டாடச் சொல்லிச் சம்பளம் கொடுத்தால் எவன் வேண்டாம் என்பான்?

அத்தான் திரையைப் பார்த்தார். அப்புறம் ஒயரைப் பார்த்தார்.

"குட்டி, இது என்ன?"

அவள் குனிந்து காதோடு சொன்னாள். "சத்தம் போடாதீங்க அத்தான். உங்க வேலையைக் காப்பாத்தறதுக்குத்தான். அப்புறம் சொல்றேன்."

அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கேயே திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போது வெளியே மணி அடித்தது. அட்டவணை எடுத்தான். சத்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டான், ரெண்டு கையும் தட்டச்சுக்கு வேண்டுமே. ஒரு பெண்ணின் குரல். மூச்சு வாங்கியது. தனியாக இருக்கிறேன், விளக்கும் போய்விட்டது என்றாள்.

"பயப்படாதீங்க மேடம். உங்க முழுப் பேர் சொல்லுங்க. கட்டடத்தோட பதிவு எண் தெரியுமா? புகார் எந்த வகைன்னு போடட்டும், இயந்திரமா, மின்சாரமா?"

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அட்டவணை படிவத்தின் அடுத்த கட்டத்துக்குப் போனான். சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் அவன் குழுவின் கோடு பளிச்சென்று பச்சையில் ஏறியது. சதவீதம் அதைப் பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"கதவு கொஞ்சம் விலகுது" என்றது குரல். "கீழ மாடி தெரியுது. நான் குதிச்சிடறேன்."

"ஒரு நிமிஷம் மேடம், அது வேற படிவம்" என்றான் அட்டவணை.

அத்தான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. அட்டவணையைத் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டு ஃபோனைத் தன் பக்கம் இழுத்தார். மூச்சு வாங்கியது அவருக்கும், ஆனால் குரலில் அது இல்லை.

"அம்மா, நான் லிஃப்ட்காரன் பேசறேன். கதவுல இருந்து கையை எடுத்துட்டு அப்படியே தரையில உக்காருங்க. உக்காந்தாச்சா? கையில பை இருக்கா? இருட்டுல கையை விட்டு, ஒண்ணொண்ணா என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க."

சாவி என்றது குரல். கண்ணாடிக் கூடு. பேனா மூடி, பேனா இல்லை. அத்தான் ஒரு கையால், பக்கத்தில் வந்து நின்ற மெக்கானிக்குக்கு, ஃபோனில் தெரிந்த கட்டடத்தின் பெயரை எழுதிக் காட்டிக்கொண்டே, "பேனா எங்கம்மா போச்சு?" என்று கேட்டார். இந்தத் தடவை அவர் சீட்டைத் தொடவில்லை. சுவர்த் திரையில் பச்சைக் கோடு சரிய ஆரம்பித்தது. மஞ்சளானது. சதவீதத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"யாராவது எதையாவது க்ளிக் பண்ணுங்கப்பா! விழுது பாருங்க!"

யாரும் அசையவில்லை. அவரே உட்கார்ந்தார். ஆமாம், மேலாளர், சாட்சாத் அவரேதான், அத்தானுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கருவி ஏற்கனவே திறந்திருந்த கம்ப்யூட்டரின் மவுஸைப் பிடித்தார். அந்தக் கட்டடத்தில் ஒரு பெண் இருட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். இங்கே ஒரு மனுஷன் சுவர்த் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சீட்டாடிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு நிமிடம். கோடு திரும்பவும் பச்சையானது. நெற்றி வேர்வையை அவர் துடைத்துக்கொண்டதைப் பார்த்து ஒயருக்கு அருவருப்பாக இருந்தது. காறித் துப்பலாம் போலிருந்தது.

அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மெக்கானிக்கின் குரல். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரிப்பதும் கேட்டது. பேனா பையின் கிழிசலுக்குள் போயிருந்ததாம். அத்தான் ஃபோனை வைத்துவிட்டு நோட்டைத் திறந்து நேரத்தை எழுதினார்.

"பாத்தீங்களா, நீங்க பேசிட்டு இருந்தப்ப கோடு விழாம நான் பாத்துக்கிட்டேன்" என்றார் சதவீதம்.

அத்தான் திரையைத் திரும்பிப் பார்த்தார். "ஆட்டின் பத்து மேல கிளாவர் ஒன்பதை வைக்கலாம் சார். ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்கு."

சதவீதம் அப்போதுதான், முதல் முறையாக, இன்னொருவர் திரையை நேராகப் பார்த்தார்.

"இது... சீட்டாட்டம் மாதிரி இருக்கே?"

"மாதிரி இல்ல சார். அதேதான்" என்றாள் ஒயர். "நான்தான் போட்டேன்."

திட்டத்தான் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அவர் மேலிடத்துக்கு எழுதிய ரெண்டு பக்கம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ரத்தம் சுண்டிப்போன முகத்தோடு, "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்மா" என்றார். சே, திட்டுவதற்குக்கூட அந்த ஆளிடம் முதுகெலும்பு இல்லை.

"எனக்கு ஃபோன் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் அத்தான்.

"எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க. நூறு சதவீதம் உங்களுதுதான்."

அன்றைக்கு மத்தியானமே ஒயர் அந்தக் கடைசிப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு சதவீதத்தின் அறைக்குப் போனாள். ஃபோன் பேசுகிற நேரம் வேலை நேரமாகச் சேர வேண்டும், இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றாள். போட்டுவிட்டார். விளக்கம் கேட்கவில்லை, படமும் வரைய வேண்டியிருக்கவில்லை. சீட்டாட்டத்தை எடுத்து அன்ப்ரொடக்டிவில் தள்ளினாள், பெயரையும் மாற்றினாள். வேலை முடிந்தது. அத்தானிடம் சொல்லத் துள்ளிக்கொண்டு போனாள்.

"அத்தான், இனிமே நீங்க ஃபோன்ல பேசறதும் கணக்குல வரும். கையெழுத்து வாங்கிட்டேன்."

அவர் நோட்டிலிருந்து நிமிரவில்லை. "எவ்வளவு நேரமாச்சு?"

"நாலு நிமிஷம்."

"போன மாசமே இதைச் செஞ்சிருக்கலாமா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "செஞ்சிருக்கலாம். அந்த ஆள் மூஞ்சிய பாத்துப் பேசவே எனக்குப் பிடிக்கல அத்தான்."

அத்தான் பேனாவை மூடினார். சத்தமாகப் பேசவில்லை. "அந்த ஆளுக்கு நான் என்ன செய்யறேன்னு தெரியாது. பதினொண்ணுன்னான், போகட்டும். உனக்குத் தெரியும். எங்க வீட்டுல சாப்பிட்டு வளந்தவ நீ. நான் என்ன வேலை செய்யறேன்னு எழுதற இடத்துல நீ போய் சீட்டாடறான்னு எழுதிட்டியே."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. உங்களுக்காகத்தானே என்று சொல்ல வாயெடுத்தாள். மணி அடித்தது. அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்திவிட்டு ஃபோனை எடுத்தார். யாரோ ஒரு பெரியவர். என்ன சத்தம் கேட்டது ஐயா என்று நிதானமாக விசாரித்தார். திரையில் சீட்டாட்டம் இல்லை. மேஜைமேல் இருந்த இடது கை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

ஐந்தரை மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். இருவரும் தினமும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். ஒயர் பையை மாட்டிக்கொண்டு அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அட்டவணை பார்த்துக்கொண்டிருந்தான், இன்னும் ரெண்டு மூன்று பேரும் இருந்தார்கள். குட்டி என்று கூப்பிடட்டும், உரக்கவே கூப்பிடட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"போலாமா அத்தான்?"

அவர் நோட்டை மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டினார். கைத்தடியை எடுத்துக்கொண்டார்.

"நீங்க கிளம்புங்க மேடம்" என்றார்.